கழுத்து நாளமும் கழியொலியும்: காலந்தாழ்ந்த ஒரு திருத்தம்

பாசிக்குடாக் கடலைக் கண்டவர்களுக்கு அதன் இயல்பு தெரியும். கரையிலிருந்து நெடுந்தூரம் நடந்து சென்றாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. இன்று அங்கே வரிசையாக உல்லாச விடுதிகள் நிற்கின்றன. நான் சிறுவனாக இருந்த காலத்தில் தோணிகளும் வலைகளும் தென்னைகளுமே நின்றன. என் தாய்மாமன் கல்குடாப் பக்கத்திலிருந்து கடலுக்குப் போகிறவர். ஆழ்கடலில் மீன் கூடும் பார் எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியும். எப்படித் தெரியுமென்று ஒருநாள் கேட்டேன். "அந்தக் கூனல் தென்னையும் அதுக்குப் பின்னால நிக்கிற கோயிலும் ஒரு நேராக வரோணும். மற்றப் பக்கத்தில மலை முனை தெரியோணும். ரெண்டும் சரியெண்டா கீழ பார் இருக்கு" என்றார். கடலின் அடியை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. கரையைப் பார்த்துக் கடலுக்கு அடியில் இருப்பதை அறிந்தார்.

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியது. அந்த இரவைக் கண்டவர்கள் இன்றும் அதை மறக்கவில்லை. விடிந்தபோது கரையோரத் தென்னைகள் தீக்குச்சிகளாக முறிந்து கிடந்தன. மாமாவின் கூனல் தென்னையும் போயிற்று. மறுபடி தோணி இறக்கியபோது அவர் பழைய பாரைத் தேடிப் பல நாள் வெறுங்கையோடு திரும்பினார். பார் இருந்த இடத்தில்தான் இருந்தது. அடையாளம்தான் இல்லாமற் போயிருந்தது.

எனக்கு அப்போது பத்து வயது. இந்தக் கதை பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு வைத்தியசாலைக் கட்டிலின் அருகில் எனக்கு நினைவுக்கு வருமென்று நான் எண்ணியிருக்க நியாயமில்லை.

1994

அம்மாவுக்குக் காய்ச்சல் முற்றி, இரத்தத்தில் கிருமி பரவி, அழுத்தம் வீழ்ந்துகொண்டிருந்தது. எந்த வைத்தியசாலை என்று இங்கு எழுதப்போவதில்லை. கைகளில் இருந்த நாளங்கள் எல்லாம் ஒடுங்கிப்போயின. இரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தும் மருந்துகளைச் சிறு நாளங்களில் நீண்ட நேரம் செலுத்தினால் சதை கருகும். எனவே இதயத்துக்கு அருகே உள்ள பெரிய நாளத்துக்குள் ஒரு மெல்லிய குழாயைக் கொண்டுசென்று வைக்கவேண்டும். அதற்குக் கழுத்தில் ஊசி குத்தவேண்டும்.

இளம் வைத்தியர் ஒருவர் வந்தார். இரவு பதினொரு மணி இருக்கும். திரைச்சீலைக்கு வெளியே நான் நின்றேன். முதல் முறை ஊசியில் ஒன்றும் வரவில்லை. இரண்டாம் முறையும் இல்லை. மூன்றாம் முறை வந்தது செக்கச் சிவந்த இரத்தம். துடித்துத் துடித்து வந்தது. நாளத்தின் பக்கத்தில் ஓடும் நாடியில் ஊசி ஏறிவிட்டது. ஊசியை எடுத்துவிட்டு அவர் கழுத்தை விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். அவருடைய நெற்றியிலிருந்து வியர்வை வழிந்தது. அம்மாவின் கழுத்து ஒரு பக்கம் வீங்கிவிட்டது. ஈற்றில் தொடைப் பக்கத்து நாளத்தின் வழியாகக் குழாயை ஏற்றினார்கள். நான்காம் நாள் அம்மா கண்மூடினார்.

நான் அப்போது பத்திரிகைத் தொழிலுக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. துக்கமும் கோபமும் கையில் பேனாவும் இருந்தன. வைத்தியரின் கவனயீனம் பற்றி ஒரு குறிப்பு எழுதினேன். பெயர் போடவில்லை, போடவேண்டிய தேவையும் இருக்கவில்லை, ஊருக்கு ஆள் யாரென்று தெரியும். சில மாதங்களில் அவர் அங்கிருந்து போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அன்று அதை ஒரு வெற்றியாகக்கூட நான் நினைத்திருக்கக்கூடும்.

அந்தக் குறிப்பில் நான் எழுதியது சரிதானா? இந்தக் கேள்விக்கு விடை தேடி நான் படித்தவற்றையே இங்கு பகிர்ந்துகொள்கிறேன்.

குருட்டு ஊசியின் வரலாறு

தமிழ்நாட்டு நண்பர்களுக்காக ஒரு சொல் விளக்கம். அவர்கள் சிரை என்பதை ஈழத்தவர்களாகிய நாங்கள் நாளம் என்போம். அவர்களுடைய தமனி எங்களுக்கு நாடி. அவர்கள் மீயொலி என்பதை எங்கள் பாடநூல்கள் கழியொலி என்கின்றன. இந்த மண்ணில் உடற்கூற்றியலைத் தமிழில் கற்பிக்க முடியும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே செய்துகாட்டியவர் மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அவரும் அவருடைய மாணவர்களும் ஆக்கிய தமிழ் மருத்துவ நூல்கள் இருக்கையில், இந்த விடயத்தைத் தமிழில் எழுதமுடியாது என்று நான் சாக்குச் சொல்ல வழியில்லை.

மனித இதயத்துக்குள் நாளத்தின் வழியே குழாய் போகமுடியும் என்று நிறுவியவர் வேர்னர் போர்ஸ்மன் என்ற ஜேர்மானிய இளைஞர். 1929இல், பெர்லினுக்கு அருகே எபர்ஸ்வால்ட் என்னும் சிற்றூரின் வைத்தியசாலையில் அவர் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தார். மேலதிகாரி அனுமதி மறுத்தார். கருவிகளின் சாவி கெர்டா டிற்சன் என்ற தாதியிடம் இருந்தது. என்மேலேயே செய்துபாருங்கள் என்று அவர் முன்வந்தார். போர்ஸ்மன் அவரை மேசையில் கட்டிப் படுக்கவைத்துவிட்டு, அவருக்குத் தெரியாமல் தன் கையின் நாளத்தையே திறந்து, சிறுநீர்க் குழாய்க்கான கதீற்றரை 65 சென்ரிமீற்றர் வரை உள்ளே செலுத்தினார். பிறகு தாதியின் கட்டை அவிழ்த்து, இருவருமாக எக்ஸ்றே அறைக்கு நடந்து போனார்கள். குழாயின் நுனி இதயத்துக்குள் நிற்பது படத்தில் தெரிந்தது. அவருக்குக் கிடைத்தது பாராட்டன்று, புறக்கணிப்பு. 1956இல் அமெரிக்காவின் கூர்னான், றிச்சர்ட்ஸ் ஆகிய இருவரோடு சேர்த்து நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் ஒரு சிறிய ஊரில் சிறுநீரக வைத்தியராக இருந்தார்.

1952இல் பிரெஞ்சு வைத்தியர் றொபேர் ஒபானியாக் காறை எலும்பின் கீழ் ஓடும் பெருநாளத்துக்கு ஊசி வழி கண்டார். 1953இல் சுவீடனைச் சேர்ந்த செல்டிங்கர் ஓர் எளிய உத்தியை வெளியிட்டார். ஊசியைக் குத்து, ஊசியின் துவாரத்தினூடே மெல்லிய கம்பியை விடு, ஊசியைக் கழற்று, கம்பியின்மேல் குழாயை வழுக்கிவிடு, கம்பியை உருவு. இன்றும் உலகெங்கும் இதுவே முறை. 1960களில் கழுத்தின் உட்பெருநாளமும் இந்தப் பட்டியலில் சேர்ந்தது. 1968இல் பிலடெல்பியாவில் டட்றிக் என்பவரும் குழுவினரும் வாயால் உண்ணமுடியாதவருக்கு முழு உணவையும் பெருநாளம் வழியே கொடுக்கமுடியும் என்று காட்டினார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுகள் பெருகப் பெருக, இந்தக் குழாயும் பெருகியது.

ஆனால் நாளம் எங்கே இருக்கிறது? வைத்தியர் அதைப் பார்க்கவில்லை. கழுத்தில் காதின் பின்னாலிருந்து நெஞ்செலும்புவரை வரும் தசை கீழே இரண்டாகப் பிரிகிறது. அந்த முக்கோணத்தின் உச்சியைப் பிடி. நாடித் துடிப்பை ஒரு விரலால் உணர்ந்து அதற்கு வெளிப்பக்கமாக ஊசியைச் சாய்த்துக் குத்து. மார்புக் காம்பின் திசையை நோக்கிச் செலுத்து. இதுதான் பாடம். இது என் மாமாவின் கூனல் தென்னையும் கோயிலும் அன்றி வேறென்ன?

பெரும்பாலான கழுத்துகளில் இந்தக் கணக்குச் சரிவரும். எல்லாக் கழுத்துகளிலும் வராது. சிலருக்கு நாளம் நாடியின் மேலேயே படுத்திருக்கும். சிலருக்கு மிக ஒடுங்கியிருக்கும். சிலருக்கு முன்பு வைத்த குழாயால் அடைபட்டிருக்கும். நீரிழந்து அழுத்தம் வீழ்ந்தவரின் நாளம் காற்றுப்போன பலூன்போலச் சப்பிப்போயிருக்கும். யாருக்கு இந்தக் குழாய் மிக அவசரமாகத் தேவையோ, அவருக்கே அது மிகக் கடினம். என் அம்மா அந்த வகையைச் சேர்ந்தவர். ஊசி சற்று உள்ளே தள்ளினால் நாடி, சற்றுக் கீழே போனால் நுரையீரலின் உச்சி.

நீருக்குள் ஒலி

மட்டக்களப்பு மீன்பாடும் தேன்நாடு என்று புகழ்பெற்றது. 1848இல் வாவியில் தோணியேறிப் போன ஆங்கிலேய அதிகாரி எமர்சன் ரெனன்ற், தண்ணீருக்குள்ளிருந்து இசைபோல எழும் ஒலியைக் கேட்டதாகவும், தோணியின் பலகையில் காதை வைத்தபோது அது மேலும் வலுத்ததாகவும் இலங்கை பற்றிய தம் நூலில் எழுதினார். ஒலி நீருக்குள் நன்றாகப் பயணம் செய்யும் என்பது எங்கள் வாவித் தோணிக்காரருக்குப் புதினமன்று. ஐரோப்பியர் அதை அளந்தார்கள். 1826இல் ஜெனீவா ஏரியில் கொலடோன் என்பவரும் அவருடைய நண்பரும் நீருக்கடியில் மணியடித்து, அதே கணத்தில் வெடிமருந்தைக் கொளுத்தி, பதின்மூன்று கிலோமீற்றருக்கு அப்பால் மணியோசை வரும் நேரத்தைக் கணித்தார்கள். செக்கனுக்கு ஏறத்தாழ 1,435 மீற்றர் என்று விடை வந்தது. நம் உடலின் மென்தசையில் ஒலியின் வேகம் ஏறத்தாழ 1,540 மீற்றர். நாமும் பெரும்பகுதி தண்ணீர்தானே!

முதலாம் உலகப் போரில் நீர்மூழ்கிகளைக் கண்டுபிடிக்கப் பிரான்சின் லாங்ஜெவன் குவாட்ஸ் பளிங்கை அதிரவைத்துக் கழியொலியை எழுப்பினார். காதால் கேட்கமுடியாத அந்த ஒலி இரும்பில் பட்டுத் திரும்பிவரும். இரண்டாம் உலகப் போரில் இந்தக் கருவி கடற்படைகளின் அன்றாடப் பொருளாயிற்று. அந்தப் போர் எங்கள் கடலுக்கும் வந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் யப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டது. முந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் உடல் இன்றும் அங்கேதான் கிடக்கிறது. நீருக்கடியில் வரும் பகைவனை ஒலியால் அறியலாம். வானிலிருந்து வருபவனை அதனால் அறிய முடியாது.

அந்தப் போரில் பிரித்தானிய விமானப் படையின் வைத்தியராக இருந்தவர் இயன் டொனால்ட். பிறகு ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மகப்பேற்றுப் பேராசிரியரானார். கப்பலையும் இரும்பின் வெடிப்பையும் காட்டும் எதிரொலி, வயிற்றுக் கட்டியைக் காட்டாதா என்று அவர் கேட்டார். 1955 ஜூலையில், சத்திரசிகிச்சையில் அகற்றிய கட்டிகளை இரண்டு கார்களில் ஏற்றிக்கொண்டு ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். இரும்பின் குறைகளைக் காணும் கருவியை அவற்றின்மேல் வைத்துப் பார்த்தார். ஒப்புநோக்க ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டும் இருந்தது. நீர் நிறைந்த கட்டியும் திண்மக் கட்டியும் வேறுவேறு எதிரொலி தந்தன. பொறியியலாளர் ரொம் பிறவுண், வைத்தியர் மக்விக்கர் ஆகியோருடன் அவர் எழுதிய கட்டுரை 1958 ஜூனில் லான்செற் இதழில் வந்தது. கர்ப்பிணித் தாய்மார் இன்று ஸ்கான் என்று சொல்லிப் போவதன் தொடக்கம் அதுதான்.

இரண்டும் சந்தித்தபோது

நாளத்துக்குள் குழாய் விடும் கலையும் கழியொலியும் இருபது ஆண்டுகள் தனித்தனியே வளர்ந்தன. 1978இல், எங்கள் சூறாவளி அடித்த அதே ஆண்டில், உல்மன், ஸ்ரோல்ரிங் என்ற இரு அமெரிக்க வைத்தியர்கள் இரத்த ஓட்டத்தின் ஓசையைக் கேட்கும் டொப்ளர் கருவியைக் கொண்டு கழுத்து நாளத்தின் இடத்தைக் குறித்ததாக எழுதினார்கள். நாடி விட்டுவிட்டு அடிக்கும்; நாளம் காற்றுப்போல இரையும். அதாவது காதால் கண்டார்கள். 1986இல் யப்பானைச் சேர்ந்த யோனெய் என்பவரும் குழுவினரும், ஊசி போகும்போதே திரையில் படம் பார்த்துக்கொண்டு குத்தும் முறையை வெளியிட்டார்கள்.

1993இல் டெனிஸ், உரெற்ஸ்கி, ரெட்டி என்ற மூவரின் ஆய்வு அமெரிக்காவில் வெளிவந்தது. அடையாளம் பார்த்துக் குத்தியபோது நூற்றுக்கு 88 பேருக்கே நாளம் கிடைத்தது. கழியொலியோடு அனைவருக்கும் கிடைத்தது. முதற் குத்திலேயே கிடைத்தது முந்தியதில் 38 வீதம், பிந்தியதில் 78 வீதம். நாடியில் ஊசி ஏறியது முந்தியதில் 8.3 வீதம், பிந்தியதில் 1.7 வீதம்.

இந்த எண்களை நான் பல தடவை திரும்பத் திரும்பப் படித்தேன். பழைய முறையில், பயிற்சி பெற்றவர்களின் கையிலேயே, பன்னிரண்டு பேரில் ஒருவருக்கு நாடியில் ஊசி ஏறியிருக்கிறது. அது கவனயீனத்தின் கணக்கன்று. அந்த முறையின் கணக்கு.

அதன் பிறகும் உலகம் உடனே மாறிவிடவில்லை. 2001இல் அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு முகவரகம், நோயாளர் பாதுகாப்புக்கு மிகுந்த சான்றுள்ள நடைமுறைகளுள் ஒன்றாக இதைச் சேர்த்தது. 2002இல் பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் கழுத்து நாளத்துக்கு இதையே விரும்பத்தக்க முறை என்று பரிந்துரைத்தபோது, அங்கிருந்த மயக்கமருந்து வைத்தியர்களிடையே பெரும் விவாதம் எழுந்தது. இத்தனை கருவிக்குக் காசு எங்கே? அடையாளம் பார்த்துக் குத்தும் கைத்திறன் அழிந்துவிடாதா? கேள்விகள் நியாயமானவைதாம். 2015இல் கொக்ரேன் அமைப்பு 35 ஆய்வுகளையும் ஐயாயிரத்துக்கும் அதிகமான நோயாளர்களையும் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, கழுத்து நாளத்தில் சிக்கல்கள் மொத்தமாக 71 வீதம் குறைந்திருந்தன.

இன்னொன்றும் உண்டு. கட்டிலருகே தூக்கிவரக்கூடிய சிறிய ஸ்கான் கருவி 1990களின் இறுதியில்தான் வந்தது. அது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பண உதவியோடு, போர்க்களத்தில் காயமடைந்தவர்களைப் பார்க்கவென்று தொடங்கிய முயற்சி. எங்கள் மண்ணும் அப்போது போர்க்களந்தான். அந்தக் கருவியை நான் அங்கு கண்டதில்லை.

2016

அண்ணனுக்குச் சிறுநீரகம் செயலிழந்து இரத்தச் சுத்திகரிப்புக்காகக் கழுத்தில் குழாய் வைக்கவேண்டி வந்தது. பழைய இரவு மனத்தில் எழ, நான் நடுங்கிப்போய் நின்றேன். பெண் வைத்தியர் ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பயப்பிடாதீங்க ஐயா, வந்து பாருங்க" என்று கட்டிலருகே அழைத்தார். கிருமிநீக்கிய துணியைப் போர்த்துவதற்கு முன்னர், பசை தடவிய சிறு கருவியை அண்ணனின் கழுத்தில் வைத்தார். செக்கனுக்கு ஒரு கோடி அளவில் அதிரும் ஒலி அதிலிருந்து உள்ளே போகிறது என்றார். திரையில் அருகருகே இரண்டு கறுப்பு வட்டங்கள் தெரிந்தன.

"இதில எது நாளம், சொல்லுங்க பார்ப்பம்?"

எனக்குத் தெரியவில்லை. அவர் கருவியை மெல்ல அழுத்தினார். ஒரு வட்டம் உடனே சப்பி மறைந்தது. கையை எடுத்ததும் மீண்டும் விரிந்தது. மற்றையது அசையாமல் நின்று துடித்துக்கொண்டிருந்தது.

"அமத்தினா அமுங்குறது நாளம். எதிர்த்து நிக்கிறது நாடி" என்றார்.

அவ்வளவுதான் விடயம். அந்தத் திரைக்கு முன்னால் நின்றபோதுதான் மாமாவின் கூனல் தென்னை என் நினைவுக்கு வந்தது.

வேலை முடிந்து வெளியே வந்தபின் அவர் மேலும் விளக்கினார். ஊசி நாளத்தில் ஏறியதோடு கதை முடிவதில்லை. கம்பியை விட்டதும் அது நாளத்துக்குள்தான் கிடக்கிறதா என்று குறுக்காகவும் நெடுக்காகவும் திரையில் பார்க்கவேண்டும். துவாரத்தை அகலப்படுத்துவதற்கு முன்னரே பார்க்கவேண்டும். நாடியில் சிறு ஊசி ஏறினால் அழுத்திப் பிடித்துத் தப்பலாம். பெருங்குழாய் ஏறினால் சத்திரசிகிச்சை தேவைப்படலாம். அடுத்து, நெஞ்சின்மேல் கருவியை வைத்து நுரையீரலின் உறை மூச்சோடு வழுக்குகிறதா என்று பார்க்கவேண்டும். வழுக்கினால் அந்த இடத்தில் காற்றுக் கசியவில்லை. ஈற்றில், குழாய்க்குள் சிறிதளவு சேலைனை வேகமாகச் செலுத்தி இதயத்தைத் திரையில் பார்த்தால், இரண்டு செக்கன் அளவில் வலது மேலறையில் நுண்குமிழிகள் பனித்தூவல்போலச் சுழலும். அப்படிச் சுழன்றால் குழாய் போகவேண்டிய பாதையில் போயிருக்கிறது. எக்ஸ்றே வண்டி வரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை என்ற நிலை, இரவில் ஆளணி குறைந்த வைத்தியசாலைக்கு எவ்வளவு பெரிய பயன்!

"அப்ப இனிப் பிழை வராதா?" என்று கேட்டேன்.

"வரும் ஐயா" என்றார் அவர். "ஊசியின்ர நுனியை விட்டுட்டு நடுப்பகுதியைத் திரையில பார்த்து நுனியெண்டு நினைச்சா, மறுகா நுனி எங்க போகுதெண்டு தெரியாது. கருவி இருந்தாப் போதாது. கையும் கண்ணும் பழகோணும்."

அவருடைய வயதுதான் இருந்திருக்கும், 1994இல் திரைச்சீலைக்குப் பின்னால் நின்ற அந்த வைத்தியருக்கும். அவரிடம் திரை இல்லை. டெனிஸ் குழுவினரின் ஆய்வு அச்சாகி ஓராண்டே ஆகியிருந்தது. தூக்கிவரும் கருவி எங்கும் பிறந்திருக்கவில்லை. பணக்கார நாடுகளின் பரிந்துரைகள் வர இன்னும் ஏழெட்டு ஆண்டுகள் இருந்தன. உதவிக்கு ஒரு மூத்தவரும் இல்லாத இரவில், சப்பிப்போன நாளத்தைத் தேடி, தனக்குக் கற்பித்த அடையாளங்களை நம்பி ஊசி பிடித்தார். பிழைத்ததும் ஓடிப்போகவில்லை. அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். வேறு வழி தேடினார். என் அம்மாவின் உயிரை எடுத்தது கிருமி, அந்த ஊசியன்று. இதை அன்றே எவரிடமாவது கேட்டு அறிந்திருக்கலாம். செய்தியாளன் செய்யவேண்டிய முதல் வேலை அது. நான் செய்யவில்லை.

நான் கேட்டிருக்கவேண்டிய கேள்விகள் வேறு இருந்தன. அந்த இரவில் அவர் ஏன் தனியாக நின்றார்? ஓர் ஊரில் கண்டறிந்த நல்ல முறை இன்னோர் ஊருக்கு வந்துசேர ஏன் இத்தனை காலம் ஆகிறது? இன்றும் எங்கள் பக்கத்துச் சிறிய வைத்தியசாலைகளில் இரவுக் கடமைக்கு நிற்கும் இளையவரின் கைக்கு அந்தக் கருவி எட்டுகிறதா, எட்டினால் அவருக்குப் பழக்க ஆள் இருக்கிறதா? செய்தி அங்கே இருந்தது. நான் ஒரு தனி மனிதரின் நெற்றி வியர்வையைச் செய்தியாக்கினேன்.

பத்திரிகையில் பிழை வந்தால் மறுநாள் திருத்தம் போடுவது எங்கள் தொழில் மரபு. சின்ன எழுத்தில், உள்பக்கத்தின் மூலையில் போடுவோம். என் திருத்தம் முப்பது ஆண்டுகளுக்குமேல் தாமதித்துவிட்டது. அந்த வைத்தியர் இப்போது எந்த நாட்டில் இருக்கிறாரோ தெரியாது. உலகெங்கும் சிதறிக்கிடக்கும் நம்மவர்கள் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள். அவர் கண்ணில் இது படுமானால், அன்று நான் எழுதியது தவறு என்பதை அவர் அறியட்டும்.